படி இறங்கினால் கடல்

வந்திருந்த மின்னஞ்சலில் இடறியது ஒரே ஒரு சொல்தான். 'முன்கூட்டியே' என்ற சொல். நீங்கள் முன்கூட்டியே வரப்போவதைத் தெரிவித்ததற்கு நன்றி, நீங்கள் கேட்ட நான்காம் எண் அறையை ஒழித்து வைத்துவிட்டோம் என்று பொனேர் தீவிலிருந்து ஒரு விடுதியின் சொந்தக்காரர் மார்லின் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்.

2007 ஜூலை முதல் தேதி, மதியம் மூன்று மணி. அந்த நேரத்துக்கு அஜ்மான் தெருக்களில் பூனைகூட நடமாடாது. கட்டடத்திலிருந்த அத்தனை வீட்டு ஏசிகளும் சேர்ந்து ஒரே குரலில் உறுமிக்கொண்டிருக்க, கடலிலிருந்து வந்த வெந்நீர் போன்ற காற்று ஜன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் வியர்த்து, கோடு கோடாக வழிந்து, எதிர்க் கட்டடத்தையும் அதன் தண்ணீர்த் தொட்டிகளையும் கலங்கலாக்கிக் காட்டியது. ஜலஜா கணினி முன்னால் நைட்டியோடு உட்கார்ந்து அந்த நான்கு வரிகளை மூன்று தடவை படித்தாள். அந்த விடுதியில் ஜூலை நடுவில் தங்கப் பதிவு செய்திருந்த அறையை ஏப்ரலிலேயே அவள் ரத்து செய்திருந்தாள். 'தவிர்க்க முடியாத காரணத்தால் எங்களால் வர இயலவில்லை' என்றுதான் எழுதினாள். அந்தக் காரணத்தைத் தட்டச்சு செய்ய விரல் வரவில்லை. ரத்து செய்தாயிற்று, வருத்தம் என்று மார்லினும் பதில் போட்டிருந்தார். அந்தப் பதில் இன்னும் பெட்டியில் இருந்தது. தேடி எடுத்துப் பார்த்தாள். இருந்தது.

கணவர் கல்யாணசுந்தரம் இறந்து நூறு நாள் ஆகியிருந்தது.

ஷார்ஜாவில் ஒரு மின் நிலையத்தில் இன்ஜினியராக இருந்தார் அவர். திருச்சிக்காரர், ஆற்றில் நீந்திப் பழகியவர். முப்பத்தைந்து வயதில் டைவிங் கற்றுக்கொண்டார். அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் அவரைப் பார்க்க முடியாது. பொனேர் என்ற பெயரை எங்கே பிடித்தாரோ, இரண்டு வருஷமாக அந்த வீட்டில் அதே பேச்சு. கரீபியன் கடலில் வெனிசுலாவுக்கு மேலே ஒரு பொட்டு மாதிரி தீவு. அங்கே படகு தேவையில்லை. சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு கரையிலிருந்து நடந்தே கடலுக்குள் இறங்கலாம். எந்த இடத்தில் இறங்கலாம் என்பதற்குச் சாலையோரம் மஞ்சள் பெயிண்ட் அடித்த கற்களை வைத்திருப்பார்கள். ஒரு பிக்கப் வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கல் கல்லாகப் போய் இறங்க வேண்டியதுதான் என்பார். சொல்லும்போதே குரல் மாறிவிடும்.

எங்கே தங்குவது என்பதற்கே ஆறு மாதம் எடுத்துக்கொண்டார். ஒரு நீல ஃபைலில் மூன்று இடங்கள் இருந்தன. ஒன்று, சொந்தப் படகுத்துறை வைத்திருக்கும் பெரிய ரிசார்ட். அங்கே கூட்டம் அதிகம் என்று அடித்துவிட்டார். இரண்டாவது ஊருக்குள் ஒரு அடுக்குமாடி வீடு. சமையலறை உண்டு, நீ ரசம் வைக்கலாம், ஆனால் கடலுக்கு வண்டியில் போக வேண்டும். மூன்றாவது, வடக்கே போகும் சாலையில் ஏழே அறைகள் கொண்ட மார்லினின் விடுதி. திண்டில் உட்கார்ந்தால் காலுக்குக் கீழே தண்ணீர் தெரியும். பதினோரு கல்படி இறங்கினால் கடல். அந்தப் பக்கத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, 'ஜலாவுக்குப் பிடிக்கும்' என்று தமிழில் எழுதியிருந்தார்.

ஜலாவுக்குத் தண்ணீர் என்றாலே பயம். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளைக் கண்ணசைவில் அடக்குகிறவள், நீச்சல் குளத்தின் ஏணியை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவருக்காகக் கற்றுக்கொண்டாள். அதுவும் ஒரே நிபந்தனையில்: தண்ணீருக்குள் போனதிலிருந்து வெளியே வரும்வரை அவர் அவள் கையை விடக்கூடாது. அப்படித்தான் மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, பொனேருக்கு ஒத்திகையாக, திப்பா கடற்கரையில் இருவரும் கைகோத்துக்கொண்டு இறங்கினார்கள். பின்னால் சற்றுத் தள்ளி அவருடைய நண்பர் சேதுமாதவன் வந்தார். கலங்கலில் பிரிந்துவிட்டோம் என்று போலீசிடம் ஜலஜா சொன்னாள். மாமியாரிடமும் அதையே சொன்னாள். எல்லாரிடமும் சொன்னாள்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகாமல் அந்த வீட்டிலேயே கிடந்தாள். அவருடைய சட்டைகள் இருந்த இடத்தில் தானும் இருக்க வேண்டும் போலிருந்தது.

அன்றைக்கே மார்லினுக்குப் பதில் எழுதினாள். ஏதோ தவறு நடந்திருக்கிறது, நாங்கள் வரவில்லை என்று. மறுநாள் பதில் வந்தது. மன்னிக்கவும், உங்கள் கணவர்தான் போன வாரம் போன் செய்து, ரத்து செய்ய வேண்டாம், நான்காம் தேதியே வருகிறோம் என்றார். லைன் சரியாகக் கேட்கவில்லை, ரொம்பத் தூரத்திலிருந்து, ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவே மூச்சு வாங்கிப் பேசினார். தண்ணீருக்கு மிக அருகில் உள்ள அறை வேண்டும் என்பதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். இரண்டு பேர் என்றார்.

ஜலஜா கணினியை அணைத்தாள். அணைத்த திரையில் அவள் முகம் தெரிந்தது. எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். யாராவது போனால் தேவலை போலிருந்தது.

எதிர்வீட்டு ரஹீமா பீவி வந்தாள். காயல்பட்டினத்துக்காரி, கணவர் கௌஸ் முகைதீன் கடைவீதியில் துணி வியாபாரம். அவர்கள் ஊர் வழக்கப்படி ஜலஜாவும் அவளை அக்கா என்று சொல்லாமல் லாத்தா என்றுதான் கூப்பிடுவாள். மின்னஞ்சலைப் பற்றி ஜலஜா சொன்னதைக் கேட்டுவிட்டு, யாரோ வேலையற்றவன் விளையாடுகிறான், இந்த இன்டர்நெட்டில் என்ன வேண்டுமானாலும் செய்வார்கள், தம்பியை விட்டுப் பார்க்கச் சொல்கிறேன் என்றெல்லாம் சொன்னாள். கொண்டுவந்த கஞ்சியை ஜலஜா குடித்து முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தாள். கிளம்பும்போது வாசலில் நின்றாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டா? ஒங்க வூட்டுக்காரரு மௌத்தானதை நீங்க கண்ணால பாத்தீங்கதானே?"

"பார்த்தேன் லாத்தா. நான்தான் அடையாளம் சொன்னேன்."

"அப்ப அதை நம்புங்க. வேற எதையும் நம்பாதீங்க."

பார்த்தாள். பிணவறையின் வெளிச்சத்தில், உப்பு பூத்த புருவத்தோடு. ஜபல் அலியில் தகனம். அஸ்தியை அவர் தம்பி ஊருக்குக் கொண்டுபோனார். இதில் சந்தேகப்பட எதுவும் இல்லை. இல்லாத சந்தேகம்தான் அவளைத் தூங்கவிடவில்லை. வெறும் விளையாட்டு என்றால், 'இரண்டு பேர்' என்று யாருக்குச் சொல்லத் தோன்றும்?

நான்காம் தேதி காலை சேதுமாதவனுக்குப் போன் செய்தாள். அவர் டைவிங்கை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டிருந்தாள். டியூட்டியில் இருந்தவர், சைட்டின் இரைச்சலிலிருந்து விலகி எங்கோ ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. அவள் மின்னஞ்சலைப் பற்றிச் சொல்லவில்லை. அன்று கணவரைக் கண்டெடுத்தபோது எப்படி இருந்தார் என்று மட்டும் கேட்டாள். சேதுமாதவன் போலீசிடம் சொல்லாத ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தார். சிலிண்டரில் பாதிக் காற்று மிச்சமிருந்ததாம். வாயில் கவ்வி மூச்சிழுக்கும் ரெகுலேட்டர் அப்படியே இருந்ததாம். வலது கை மட்டும் மூடியிருந்ததாம், எதையோ பிடித்த மாதிரி. விரல்களைப் பிரிக்க முடியவில்லையாம்.

"யார் கையையோ பிடிச்ச மாதிரி," என்றார் சேதுமாதவன். "இன்னொண்ணும் இருக்கு, ஜலஜா. இதைச் சொன்னா நான் பைத்தியம்னு நெனைப்பீங்க."

"சொல்லுங்க."

"மண்ணு கலங்குச்சு இல்லையா, அது கொஞ்சம் தெளிஞ்சதும் நான் முன்னாடி பார்த்தேன். நீங்க ரெண்டு பேரும் ஆழத்துக்குப் போயிட்டிருந்தீங்க. கையைப் பிடிச்சுக்கிட்டு. சரி, சேர்ந்துதான் போறாங்கன்னு நான் அவசரப்படல. இருபது நிமிஷம் பாறைகிட்ட மீன் பார்த்துட்டிருந்தேன். அப்புறம் மேல வந்தா நீங்க கரையில உக்காந்து இருமிட்டிருக்கீங்க. ஒடம்பு காஞ்சிருந்துச்சு ஜலஜா. நீங்க வந்து ரொம்ப நேரம் ஆயிருந்துச்சு."

அவள் போனை வைத்துவிட்டாள். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து, தண்ணீர் ஓடுவதைப் பார்த்துவிட்டு உடனே மூடினாள்.

கலங்கலில் பிரியவில்லை. அவளுக்குத் தெரியும், அவளுக்கு மட்டும். அலையடித்து மண் கிளம்பியதும் கண்ணையும் மூக்கையும் மூடியிருந்த மாஸ்க்குக்குள் தண்ணீர் ஏறியது. மூக்கில் உப்பு. கண் தெரியவில்லை. அவர் கை அவள் கையை இறுக்கியது, பயப்படாதே, நான் இருக்கிறேன் என்று. அந்த இறுக்கமே அவளைக் கீழே இழுப்பது போலிருந்தது. உதறினாள். அவர் விடவில்லை, விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவர். இன்னொரு கையால் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சுண்டுவிரல் கடைசிவரை கொக்கி போட்டிருந்தது. அதையும் பிரித்துவிட்டு, அவர் மார்பில் காலை ஊன்றி உதைத்து, மேலே வந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

விட்ட கை அங்கேயே நீட்டியபடி இருந்திருக்கும், கலங்கலில், அவளைத் தேடிக்கொண்டு.

அதை ஏதோ ஒன்று பிடித்திருக்கிறது.

மறுநாள் மாலை நான்கு மணி. பொனேரில் காலை எட்டு. மார்லினின் எண்ணை நீல ஃபைலிலிருந்து பார்த்து அழுத்தினாள். வெளியே கடலிலிருந்து ஏறிய ஈரப் புழுக்கத்தில் சூரியன் வெறும் வெளுப்பாகத் தெரிந்தது. ஏசியின் குழாயிலிருந்து வாளியில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. மறுமுனையில் போன் ஐந்து தடவை அடித்தது. மார்லின் எடுத்தார், வயதான, கனிவான குரல். பின்னால் அலையும் ஏதோ பறவையும் கேட்டன.

அஜ்மானிலிருந்து பேசுகிறேன், நான்காம் எண் அறை விஷயமாக என்றாள் ஜலஜா. மார்லின் மகிழ்ச்சியோடு பேச ஆரம்பித்தார். நேற்று மாலையே வந்துவிட்டார்கள், வண்டி வந்த சத்தமே கேட்கவில்லை, பார்த்தால் படிக்கட்டில் நிற்கிறார்கள், பெட்டி படுக்கை ஒன்றும் இல்லை, பாவம், விமானத்தில் தொலைந்திருக்கும். வந்ததிலிருந்து திண்டிலேயேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் நல்ல மனிதர், ரொம்ப மரியாதை. அந்த அம்மாவுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது போலிருக்கிறது, துண்டால் முகத்தைப் பாதி மூடியே வைத்திருக்கிறார், ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஆனால் என்ன பாசம். சாப்பிடும்போதுகூட அவர் கையை விடுவதில்லை. இவர்கள் மாதிரி ஒரு ஜோடியை நான் பார்த்ததே இல்லை, காலையில் ஒரு புகைப்படம்கூட எடுத்தேன்.

எந்த அம்மா என்று ஜலஜா கேட்டாள். குரல் தன்னுடையதாக இல்லை.

மிஸஸ் ஜலஜா, என்றார் மார்லின். நீங்கள் யார் பேசுகிறீர்கள்?

சொந்தக்காரி என்றாள். அவரிடம் போனைக் கொடுக்க முடியுமா என்று கேட்டாள். செருப்பு நடக்கும் சத்தம். ஒரு கதவு. அலை பெரிதாகியது. பிறகு யாரோ போனைக் கன்னத்தில் வைத்துக்கொண்ட சத்தம், ஈரமாக.

"ஹலோ," என்றார் கல்யாணசுந்தரம்.

அவர்தான். ஹலோவை எப்போதும் பாதியில் இழுப்பாரே, அதே இழுப்பு. பயம் என்று ஒன்று நூறு நாளாக அவள் வயிற்றில் இருந்ததே, அது அந்த நொடியில் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"என்னங்க. நான்தாங்க. ஜலா."

அவர் சிரித்தார். கோபமில்லாத, தப்பு நம்பர்காரர்களிடம் சிரிக்கும் சிரிப்பு.

"இல்லைங்களே. ஜலா இங்க பக்கத்துல இருக்கா."

"அது நான் இல்லைங்க. அது யாருன்னு பாருங்க. தயவுசெஞ்சு முகத்தைப் பாருங்க."

மூச்சு மட்டும் கேட்டது. உள்ளே இழுத்து, நிறுத்தி, நிதானமாக விடும் மூச்சு. தண்ணீருக்குள் விடச் சொல்லிக் கற்றுக்கொடுத்த மூச்சு. நிரூபிக்க அவளிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை இதுவரை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"நான் உங்க கையை விட்டுட்டேன்," என்றாள். "கலங்கல்ல பிரியல. நான்தான் விட்டேன். உங்க விரலை ஒண்ணொண்ணா பிரிச்சேன். உதைச்சுட்டு மேல வந்துட்டேன். அதுக்கப்புறம் உங்க கையைப் பிடிச்சது நான் இல்லை. என்னை மன்னிச்சிடுங்க. அதை விட்டுடுங்க. விட்டுட்டு வந்துடுங்க."

அலை வந்து படியில் மோதித் திரும்பியது. மறுபடி வந்தது. அவர் பேசியபோது குரலில் கிண்டல் இல்லை. கெஞ்சல் இருந்தது.

"ஒரு நிமிஷம் எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. விட்டுட்டாளேன்னு." மூச்சு. "அந்த ஒரு நிமிஷம் இருக்கே, அதை என்னால தாங்க முடியல. அப்புறம் கை திரும்பி வந்துடுச்சு." மூச்சு. "அவ விடலைங்க. இதுவரைக்கும் விடல."

"என்னங்க..."

"நீங்க யாருன்னு தெரியல. ஆனா இனிமே கூப்பிடாதீங்க. எனக்கு இது போதும்."

லைன் அறுந்தது.

அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மசூதியில் மாலைத் தொழுகைக்கான அழைப்பு கேட்டு, முடிந்தும் விட்டது. மறுபடி எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. கடைசியில் மார்லின் எடுத்து, அவர்கள் இருவரும் படியிறங்கிப் போய்விட்டார்கள், சிலிண்டர்கூட எடுத்துக்கொள்ளவில்லை, மேலோட்டமாக நீந்தத்தான் போகிறார்கள் போல என்றார். என்றைக்குக் கிளம்புவார்கள் என்று கேட்டாள் ஜலஜா. தேதி சொல்லவில்லை, இங்கேயே இருக்கப்போவதாகச் சொன்னார் என்றார் மார்லின். வேண்டுமானால் காலையில் எடுத்த படத்தை அனுப்பட்டுமா? உங்கள் வீட்டாருக்குச் சந்தோஷமாக இருக்குமே.

அனுப்புங்கள் என்று சொல்லி ஜலஜா ஒரு மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தாள்.

பெரிய படம். கணினியில் மேலிருந்து கீழாக, பட்டை பட்டையாக இறங்கியது. முதலில் வானம். அப்படி ஒரு நீலத்தை அவள் வளைகுடாவில் கண்டதில்லை. பிறகு கூரையின் ஓரம். தொங்கும் ஒரு பூக்கொடி. பிறகு அவருடைய தலை, எண்ணெய் வைத்து வாரியது போல் படிந்த ஈர முடி. நெற்றி. கண். கேமராவைப் பார்க்கவில்லை, பக்கத்தில் தாழப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆன புதிதில் அவள் அறியாத நேரத்தில் அவளைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. அவ்வளவு நிம்மதியான முகம். கண்ணீர் மறைத்தது. துடைத்துக்கொண்டாள்.

அடுத்த பட்டை.

அவருடைய வலது கை. மணிக்கட்டுவரை கறுநீலம். பிதுங்கிய விரல்கள். அவற்றின் மேல் பின்னியிருந்த இன்னொரு கை, ஜலஜாவின் கை, மோதிரம் உட்பட.

பக்கத்தில் ஒரு படி தாழ உட்கார்ந்திருந்தவள் கேமராவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் எடுத்த நொடியில் காற்றில் துண்டு நழுவித் தோளில் விழுந்திருந்தது. ஜலஜாவின் நெற்றி. ஜலஜாவின் புருவம். ஜலஜாவின் கண், மூக்கு. மாஸ்க்கின் கண்ணாடி வழியாகத் தண்ணீருக்குள் எவ்வளவு தெரியுமோ, அவ்வளவும் அச்சு அசலாக.

மூக்குக்குக் கீழே, ரெகுலேட்டர் மறைத்திருந்த இடத்தில், எதுவும் இல்லை. தோல். வழவழவென்று, கோடுகூட இல்லாமல், மோவாய்வரை.

அந்தத் தோல் நடுவில் லேசாக உள்வாங்கியிருந்தது. மூச்சை இழுப்பது போல.